ராசப்பனின் தாடை

— எடுத்துக்க சாமி, ஆட்டையாம்பட்டி முறுக்கு. மொறுமொறுன்னு இருக்குது.

— வேண்டாங்க்கா. மெல்ல முடியாதுங்க.

— அட, ஒம்பது வருசம் கழிச்சு அக்கா கடைப்படி ஏறியிருக்கற. வெறும் வாயோட அனுப்பினா ஊரு என்னயத்தான் பேசும். ஒண்ணே ஒண்ணு கடிச்சுக்க.

— தாடை புடிச்சுக்கிச்சுங்க்கா. ரெண்டு வெரலு நொழையற அளவுக்குத்தான் வாயி தொறக்குது. களிய உருட்டி உள்ள தள்ளிட்டுத் தண்ணியக் குடிக்கறேன். தெய்வநாயகி நேத்துக் கேக்கறா, கைப்புள்ளைக்கு ஊத்தற மாதிரி சங்குல ஊத்தட்டுங்களான்னு.

— கட்டிக்கிட்டவ, கேப்பா. எம்பட தம்பி ராசப்பன் சங்குல கஞ்சி குடிக்கறான்னு கேக்கறதுக்கு எனக்குக் காது இருக்குது பாரு, அதுக்கே நான் கும்பிடு போடோணும்.

— சிரிக்கறயாக்கா?

— பின்ன அழுகவா? கடையில வேலை கெடக்குது. போர் போடற ரிக் வண்டி ரெண்டு காத்து ஓஸுக்காவ நிக்குது. வந்த சோலியச் சொல்லு.

— இந்தச் செட்டுத்தாங்க்கா. முதுகுல மாட்டற சிலிண்டர், அதுல இருந்து வாய்க்கு வர்ற ஓஸ், முனையில கடிச்சுக்கறதுக்கு ரப்பரு. இந்த ஓஸுதான் குட்டையாப் போச்சு. தண்ணிக்குள்ள போனா வாயச் சோத்தாங்கைப் பக்கமா இழுத்துக்கிட்டே இருக்குது. ரப்பரு வெளிய போயிருமோன்னு நானும் பல்லால கெட்டியாப் புடிச்சுக்கறேன். ஒரு மணி நேரம் அப்படிப் புடிச்சீன்னா, மேல வந்து பேர் சொல்லக்கூட வாய் வராது.

— எங்கடா புடிச்ச இதய?

— கொச்சியில ஏலத்துல எடுத்தனுங்க. ஏதோ ஒரு வெள்ளக்காரன் போட்டிருந்தது.

— அவன் போட்டிருந்தப்ப ஓஸ் குட்டையா இல்லயாக்கும்?

— இல்லீங்க. அது போன வருசம் வெடிச்சுப்போச்சு. அம்மாசி எடுத்துக்கிட்டுப் போயி எதோ கடையில மாத்திக்கிட்டு வந்தான். அதுல இருந்துதான் இந்தக் கெரகம்.

— எந்தக் கடையாம்?

— அவன் சொல்லல. நானும் கேக்கல.

— உங்கிட்டச் சோலி பாக்கறவன் எங்க போறான் வாரான்னு கேக்கறதில்லயா நீ? நல்ல மொதலாளி. செரி, ஈரோட்டுல கடை இல்ல? பள்ளிபாளையத்துல கடை இல்ல? சேலத்துல தெருவுக்கு நாலு கடை. ராசப்பக் கவுண்டருக்கு இன்னிக்குத் திருச்செங்கோடு எப்படிக் கண்ணுக்குத் தெரிஞ்சுது?

— நாளைக்குக் காத்தால எறங்கோணுங்க்கா. வேற ஊருக்குப் போயி வர்றதுக்கு நேரமில்ல. ஓஸு முனையில ஏத்தற இந்த மாதிரிப் பொடி நிப்பிள் அடிக்கறது மாமா கடையிலதான்.

— மாமா கடைன்னு சொல்லாத. மாமா ஆந்திரால வண்டியோட கவுந்து போயிப் பத்து வருசமாச்சு. இது வசந்தாமணி கடை. போர்டுல எழுதியிருக்குது, படிக்கத் தெரியுமில்ல?

— தெரியுங்க.

— எங்க எறங்கற?

— ஜேடர்பாளையம் அணைக்கட்டுல. வாய்க்கால் மதகுக் கதவுக்கு அடியில ஒரு புளியமரம் அடிச்சுக்கிட்டு வந்து குறுக்கால சிக்கிக்கிச்சு. கதவு மேலயும் வல்ல, கீழயும் போவல. நான் உள்ள போயி மரத்துக்குச் சங்கிலி மாட்டோணும். மேல லாரிய வெச்சு இழுத்துருவாங்க.

— நீ மாட்டலைன்னா?

— வாய்க்கால்ல தண்ணி வராது. வெத்தலைக் கொடிக்கால் பூராவும் காஞ்சு போயிரும்.

— உன்ற மாமனார் கொடிக்காலுமா?

— அதுவுந்தானுங்க.

— அப்பக் காயட்டும்.

— அக்கா!

— அக்காவாம் அக்கா. சிலிண்டர முதுகுல மாட்டிக்கிட்டு அந்த முக்காலியில உக்காரு. எனக்கு அளவு பாக்கோணும். நிமுந்து உக்காருடா, பொண்ணு பாக்க வந்தவனாட்டக் கூனிக்கிட்டு. உன்ற மூச்சு இன்னிக்கு என்ற கத்திக்கு அடியில இருக்குது, தெரியுதா?

— தெரியுதுங்க. அதனாலதான் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடறனுங்க.

— வாயி மட்டும் கொறையல. இந்தா, இதக் கடி. கடிச்சுட்டயா? ஆமான்னா ஒரு 'ம்'. இல்லைன்னா ரெண்டு 'ம்'.

— ம்.

— காத்து வருதா?

— ம்.

— வலிக்குதா?

— ம்.

— ரொம்ப வலிக்குதா?

— ம்!

— நல்லது. அப்படியே இரு. ஓஸு எந்த எடத்துல இழுக்குதுன்னு நான் பாக்கோணும். பாக்கற வரைக்கும் சும்மா எதுக்கு இருக்கறது? நான் பேசறேன், நீ கேளு. உன்ற கல்யாணத்தன்னிக்கு...

— ம் ம்! ம் ம்!

— எடுக்காத! ரப்பர எடுத்தீன்னா அளவு போயிரும். மறுபடி மொதல்ல இருந்து அளக்கோணும், பொழுது உழுந்துரும். கடிச்சுக்கிட்டுக் கேளு. இணைச்சீரு ஆருக்குடா? மாப்பளையோட கூடப் பொறந்தவளுக்கா, இல்ல தெருவுல போறவளுக்கா?

— ம்ம்...

— கூறைச்சேலையோட ஒரு முனை உன்ற கக்கத்துல, மறு முனை உன்ற அக்கா கையில. உன்னய இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச நாள்ல இருந்து அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லி வளத்த சீருடா அது. மாமா போனதுக்கப்பறம் அந்த ஆசைய நானே மூட்டை கட்டித்தான் வெச்சிருந்தேன். அவுத்து உட்டது ஆரு? நீ. முந்தின நாள் பொழுதோட வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்ன? "ஆரு என்ன சொன்னாலும் நீதான் நிக்கோணும், நான் பேசிக்கறேன்"ன்னு சொன்னயா இல்லயா? ஒரு 'ம்'மா, ரெண்டு 'ம்'மா?

— ...ம்.

— நம்பினேன். அரக்குக் கலர்ல சேலை எடுத்து வெச்சிருந்தேன். காத்தால தண்ணி வார்த்துக்கிட்டு, அதக் கட்டிக்கிட்டு, கூப்புடுவாங்கன்னு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில நிக்கறேன். அங்க பந்தல்ல பெரியப்பன் மக சென்னியம்மா நிக்கறா. ஜம்முனு. எனக்கு என்ன சோலி குடுத்தாங்க தெரியுமா? கொட்டகையில பருப்பு வேக வெக்கறது. அரக்குச் சேலை கட்டிக்கிட்டு ஆயிரம் பேத்துக்குப் பருப்புக் கடைஞ்சவ இந்தச் சில்லாவுலயே நான் ஒருத்திதான். கண்ணுல தண்ணி வந்துச்சு, அடுப்புப் பொகைன்னு சொன்னேன். அடுப்பே அப்பப் பத்த வெக்கல.

— ம்ம். ம்ம்ம்.

— தாலியறுத்தவ சீருக்கு நிக்கக்கூடாதுன்னு உன்ற மாமனார்தான் அடம் புடிச்சாராம். செரி. அவுரு ஊரான். நீ? தலையில பூவக் கட்டிக்கிட்டு அங்கயே குத்த வெச்சிருந்தயே, "எங்க அக்கா வரட்டும்"ன்னு ஒத்த வார்த்தை வந்துச்சா? இன்னிக்கு 'ம்'முங்கற, செரி, வாயில ரப்பரு இருக்குது. அன்னிக்கு உன்ற வாயில என்னடா இருந்துச்சு?

— ம்! ம்ம்!

— எடு. அளந்தாச்சு.

— அக்கா...

— இரு. மொதல்ல எச்சியத் தொட.

— அக்கா, அன்னிக்கு என்ற வாயில ஒண்ணுமே இல்லீங்க. வெத்தலை கூட இல்ல. பயந்துக்கிட்டேன். அவுரு எந்திரிச்சு, பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்னாரு. போகட்டும்னு சொல்ல எனக்கு வாயி வல்ல. அம்புட்டுத்தான். வேற கதையெல்லாம் இல்ல.

— அப்பறம் வந்து சொல்லியிருக்கலாமில்ல?

— வந்தேன். கதவத் தொறக்காம உள்ள இருந்துக்கிட்டே, "வசந்தாமணி செத்துப்போயிட்டா"ன்னு நீதான சொன்ன?

— நீ நம்பிட்டயாக்கும். செத்தவ கொரலு அம்புட்டுச் சத்தமா வருமா? மறுபடி ஒருக்கா தட்டியிருந்தா கை தேஞ்சா போயிரும்?

— தட்டியிருக்கோணுங்க்கா.

— பேச்ச உடு. இந்த ஓஸத் தோள் மேல கொண்டு வந்தது ஆரு?

— வெள்ளக்காரன் அப்படித்தான் வெச்சிருந்தான். சோத்தாங்கைத் தோளுக்கு மேல வந்து வாய்க்கு வருது.

— அதான் தப்பு. ரிக் வண்டில கம்ப்ரசர் ஓஸ நாங்க மேல இருந்து தொங்க உடறதில்ல. தொங்க உட்டா ஓஸோட பாரம் பூராவும் நிப்பிள் தலையில எறங்கும். கீழ இருந்து வளைச்சுக் கொண்டாரோணும். இங்க உன்ற தாடைதான் நிப்பிளு. கையத் தூக்கு. கக்கத்துக்கு அடியில கொண்டாந்து, நெஞ்சோரமா வளைச்சு, கீழ இருந்து வாய்க்கு உடறேன். அப்ப ஓஸு இழுக்காது, சும்மா கூட வரும்.

— கக்கத்துலயா?

— ஏன், கூச்சமா? சென்னியம்மா சேலை வெச்ச கக்கந்தான, தாங்கும்.

— குத்தறதுக்கு ஒரு எடம் கூட உட மாட்டயாக்கா நீ?

— ஒம்பது வருசச் சரக்குடா. கடை பூராவும் அடுக்கி வெச்சிருக்கறேன். தள்ளி உக்காரு, புது ஓஸு வெட்டறேன், கத்தி படும். ம். வெட்டியாச்சு. அந்த ஸ்பேனர எடு. அதில்ல, சின்னது. முப்பத்தஞ்சு வயசாச்சு, பெருசு சின்னது தெரியல. நிப்பிள் ஏத்தியாச்சு. கிளிப்புப் போட்டாச்சு. இப்பக் கடிச்சுப் பாரு. நேராப் பாரு. மேல பாரு. குனிஞ்சு பாரு. சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. இழுக்குதா?

— ம் ம்.

— வலிக்குதா?

— ம் ம்! ரப்பர எடுத்துட்டேங்க்கா, இழுப்பே இல்ல! வாயில இருந்ததே தெரியல! அடடா, பூ மாதிரி நிக்குது. நீ மட்டும் போன வருசமே...

— போன வருசம் அதய வெட்டினதும் நாந்தாண்டா.

— அக்கா...

— என்ன முழிக்கற? அம்மாசி இங்கதான் கொண்டாந்தான். ஆரு செட்டுன்னு கேட்டேன். நம்ம ராசப்பண்ணனுதுங்கன்னு பல்லக் காட்டிக்கிட்டுச் சொன்னான். பழைய ஓஸ வெச்சு அளவு எடுத்தேன். எடுத்துட்டு, நாலு விரக்கடை குறைச்சு வெட்டினேன். தெரிஞ்சுதான் வெட்டினேன். கை தவறல, கத்தி வழுக்கல.

— ம்.

— பேச வேண்டிய எடத்துல பேசாத வாயி, வலிக்கட்டும்னு வெட்டினேன். ஒரு தீவாளிக்கு அதிரசம் திங்கக்கூடாது. பொங்கலுக்குக் கரும்பு கடிக்கக்கூடாது. மூச்சுல நான் கை வெக்கல, அதக் கேட்டுக்க. நிப்பிள ரெண்டு தடவ இறுக்கினேன், காத்து அடிச்சுத் தண்ணித் தொட்டில முக்கிப் பாத்தேன், ஒரு கொப்புளம் வல்ல. மூச்சு உன்றது, குடுத்துட்டேன். தாடை மட்டும் என்றது.

— தெரியுங்க்கா.

— என்ன தெரியும்?

— நீதான் வெட்டினன்னு.

— அம்மாசி சொன்னானா? வரட்டும் அவன்.

— அவன் சொல்லல. கிளிப்புக் கம்பியப் பீச்சாங்கைப் பக்கமா முறுக்கி, முனைய உள்ள மடிச்சு உட்டிருந்துச்சு. கையக் கிழிக்காம இருக்கோணும்னு மாமா அப்படித்தான் மடிப்பாரு. அவருக்கப்பறம் அப்படி மடிக்கறது நீ ஒருத்திதான். கையில வாங்கின அன்னிக்கே தெரிஞ்சு போச்சு.

— ஒரு வருசமாவா? அப்ப ஈரோட்டுல போயி மாத்திக்க வேண்டியதுதான?

— மாத்தியிருக்கலாம்.

— அப்பறம் என்ன மயித்துக்குக் கடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச?

— ஒம்பது வருசத்துல உங்கிட்ட இருந்து எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதானுங்க்கா.

— டேய்... டேய், அது நான் உனக்கு வலிக்கோணும்னு குடுத்ததுடா. சீராக் குடுக்கல.

— வலிச்சுதுங்க்கா. சத்தியமா. நல்லா வலிச்சுது.

— என்ற கோவத்தயும் நீயே புடுங்கிக்கிட்ட பாரு. ஒருத்தி ஆசையா ஒரு பழி வாங்கினா, அதயும் வாங்கி மடியில கட்டிக்கறயே, வெக்கமா இல்ல? நீ அங்க துடிச்சுக்கிட்டிருப்ப, ஆருன்னு தெரியாம மண்டையப் பிச்சுக்குவன்னு நான் இங்க ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருக்கறேண்டா.

— தூங்கினயில்ல, உடு. அது வரைக்கும் லாபம்.

— நடிக்காத. எனக்கு உன்ற மேல கோவம் ஒரு பொட்டும் கொறையல. இன்னும் கூடத்தான் செய்யுது.

— கூடட்டுங்க்கா. நீ செத்துப்போயிட்டேன்னு உள்ள இருந்து சொன்னதுக்கு, இது எவ்வளவோ தேவல. ஆனா ஒண்ணு சொல்லோணும். அந்த ஓஸ நாளைக்குப் போட முடியாதுன்னுதான் வந்தேன். இல்லைன்னா வந்திருக்க மாட்டேன். அப்படியே ஓட்டியிருப்பேன்.

— ஏன், நாளைக்கு மட்டும் என்ன? தாடை இன்னும் கொஞ்சம் வலிக்கும், அம்புட்டுத்தான?

— வலிக்காவ இல்லீங்க. அது கழண்டுக்குது.

— எது கழண்டுக்குது?

— வாயில இருக்கற ரப்பரு. நேராப் பாத்தா நிக்குது. பீச்சாங்கைப் பக்கமாத் திரும்பினா ஓஸு எட்டறதில்ல, வாயில இருந்து வெடுக்குன்னு புடுங்கிக்குது. ஒருக்கா ஒரு கெணத்துல அப்படி ஆச்சு. இன்னொருக்கா பள்ளிபாளையத்துல ஆத்துக்குள்ள.

— தண்ணிக்கு அடியிலயா?

— பின்ன கரையிலயா கடிச்சுக்கிட்டுத் திரியறேன்? கெணத்துல கவுத்தப் புடிச்சு மேல வந்துட்டேன். ஆத்துலதான் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டேன். சேத்துல கண்ணு தெரியல, ரப்பரு எங்க போச்சுன்னும் தெரியல. கையால துழாவித் துழாவி, கடசியில முதுகுக்குப் பின்னால கெடந்துச்சு. அம்மாசி இழுத்துப் போட்டு வயித்த அமுக்கினான். அவன் அமுக்கினதுல நான் குடிச்ச தண்ணியோட காத்தாலத் தின்ன களியும் வெளிய வந்துருச்சு. அதுக்குத்தான் எனக்கு வருத்தம்.

— சிரிக்காத.

— சிரிக்கலீங்க்கா.

— ஏண்டா, அன்னிக்கே வந்து என்ற மூஞ்சில அதத் தூக்கி எறிஞ்சிருக்க வேண்டியதுதான?

— எறிஞ்சா நீ பயந்து போயி அழுதிருப்ப. பருப்புக் கொட்டகையில அழுதது பத்தாதா?

— தெய்வநாயகிக்குத் தெரியுமா?

— களி கக்கினது தெரியும். ஏன் கக்கினேன்னு தெரியாது.

— நாளைக்கு... நாளைக்கு அந்த மதகுல நீ எப்படிப் போவோணும்?

— கதவுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற சந்து. செவுத்தோட ஒட்டிக்கிட்டு உள்ள போயி, ஒரு கையில சங்கிலியப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய நீட்டி மரத்தத் தொடோணும். மரம் பீச்சாங்கைப் பக்கம் கெடக்குது. மூஞ்சிய முழுசா அக்கட்டத் திருப்பினாத்தான் மாட்ட முடியும்.

— கழண்டா? அங்க வெச்சுக் கழண்டா?

— அந்தச் சந்துல கைய மடக்கி வாய்க்குக் கொண்டார எடமில்லீங்க. அதுக்குத்தான உங்கிட்ட வந்தது. இனி என்ன, இதான் இழுக்கவே இல்லயே. செரிங்க்கா, பொழுது போச்சு. அம்மாசி அங்க லாரிக்காரங்கிட்டப் பேசிக்கிட்டிருப்பான். நான் வாரேன்.

— நில்லு.

— முடிஞ்சா நாளைக்குப் பொழுதோட வந்து சொல்லிட்டுப் போறேன். கதவத் தொறப்பயில்ல?

— நில்லுன்னு சொல்றனில்ல. சிலிண்டரக் கீழ வை.

— ஏங்க்கா? நல்லாத்தான இருக்குது?

— வைடா. வெச்சுட்டு அந்த ஓஸக் கழட்டிக் குடு.

— பாத்தமே. நேராப் பாத்தேன், மேல பாத்தேன், குனிஞ்சேன், சோத்தாங்கைப் பக்கம் திரும்பினேன்...

— பீச்சாங்கைப் பக்கம் திரும்பினயா?

— நீ சொல்லவே இல்லயே.

— ஆமா, சொல்லல. கழட்டு சாமி, சீக்கிரம் கழட்டு, இதயும் ரெண்டு விரக்கடை குறைச்சுத்தாண்டா வெட்டியிருக்கறேன்.